வீட்டுக் காரோடு முதல் ஆட்டோகிராஸ்: நீலகிரியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறை ஆட்டோகிராஸ் என்ற கார்ப் போட்டியில் ஓட்டக் கோயம்புத்தூருக்கு இறங்கியபோது, அதிகாலை நாலு மணிக்குக் குன்னூரிலிருந்து கிளம்பினேன். ஏழு மணிக்கு மைதானத்தில் வரிசையில் நின்றேன். ஒன்பதரைக்கெல்லாம் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரு சுற்றுகூட ஓடவில்லை. பேட்டரி ஆடியது. காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) மாமா பெயரில் இருந்தது, அவருடைய சம்மதக் கடிதம் கையில் இல்லை. மருத்துவச் சான்றில் டாக்டரின் பதிவு எண் இல்லை. மூன்றையும் வீட்டில் இருந்தபடியே ஒரு வாரத்தில் சரிசெய்திருக்கலாம். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் ஓடுவதை மதியம் வரை கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு மலை ஏறினேன்.

அப்புறம் சில போட்டிகளில் ஓடிவிட்டேன். மலையில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டில் சில சிக்கல்கள் தனியாக உண்டு. சமவெளிக்காரர்களுக்கு அவை வராது என்பதால் யாரும் சொல்லித் தருவதில்லை. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வீணாகக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. என்ன போட்டி, எங்கே நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

திறந்த இடத்தில் கோன்களை வைத்து வழி அமைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து உரசாது, கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. ஒரு ஓட்டம் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் இரண்டாவது கியரைத் தாண்ட வேண்டியிருக்காது. கோனை இடித்தால் சில விநாடிகள் கூட்டுவார்கள். வழி தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. இரண்டு, மூன்று ஓட்டம் கொடுத்து அதில் சிறந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். வகைகளை எஞ்சின் சிசி-யை வைத்துப் பிரிப்பதால், பழைய ஆல்ட்டோவில் வருபவர் பெரிய எஞ்சின் காரோடு மோத வேண்டிய தேவை இல்லை.

நம் ஊரில் ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் தரையில் நடக்கும், சில இடங்களில் தார்த்தளத்தில். பெயர் கொடுக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். மண் தரை என்றால் எஞ்சினுக்கு அடியில் தடிமனான சம்ப் கார்டு என்ற காப்புத் தகடு வேண்டும், காரும் கல்லடி படும். வீட்டுக்கு ஒரே கார்தான், திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் விட அதுதான் போக வேண்டும் என்றால், முதல் போட்டியைத் தார்த்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் அவ்வளவு பெரிய சமதளம் கிடைப்பது அரிது. ஆகவே இறங்கத்தான் வேண்டும். நமக்குப் பக்கம் கோயம்புத்தூர். செட்டிபாளையத்தில் 2003-இல் தொடங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர், மோட்டார் விளையாட்டு மன்றங்களும் இதையே தொழிலாகக் கொண்ட மெக்கானிக்குகளும் நிறைய. அடுத்தது சென்னை, அங்கே இருங்காட்டுக்கோட்டைத் தடம். இந்தியாவில் மோட்டார் விளையாட்டுக்குப் பொறுப்பான அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அவர்களுடைய நிகழ்ச்சிப் பட்டியலையும், அவர்களிடம் பதிவு பெற்ற மன்றங்களின் அறிவிப்பையும் பார்த்து வாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்டரைப் பார்த்த உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி எண் என்ன? மைதானத்தில் ஆம்புலன்ஸும் டாக்டரும் நாள் முழுக்க இருப்பார்களா? நிகழ்ச்சிக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா? இதற்கு நேரான பதில் வராத இடத்துக்கு நான் போக மாட்டேன். நீங்களும் போகாதீர்கள்.

2. ஆறு வாரத்துக்கு முன்பே காகிதங்களைத் தொடங்குங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்த இடம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் விதித்தாள் ஒன்று வெளியிடுவார்கள். என்ன உரிமம், என்ன ஹெல்மெட், எத்தனை நகல், கோனுக்கு எத்தனை விநாடி என்று எல்லாம் அதில் இருக்கும். அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். போன ஆண்டு ஓடியவர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம், விதிகள் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை இவை. ஓட்டுநர் உரிமம். ஆர்.சி. இன்சூரன்ஸ். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று. ஆதார் நகல். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் நாலைந்து. மருத்துவத் தகுதிச் சான்று. இரத்த வகைச் சான்று. போட்டி உரிமம். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வையுங்கள். டிஜிலாக்கரில் இருப்பதைப் போலீஸ் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பதிவு மேசையில் இருப்பவர் காகிதத்தைக் கேட்டால், சிக்னல் இல்லாத மைதானத்தில் போனை வைத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

போட்டி உரிமத்தை எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்த வகை உரிமம் வேண்டும் என்பதை விதித்தாளைப் பார்த்தோ மன்றத்தைக் கேட்டோ உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். தவறான வகைக்குக் கட்டிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மருத்துவச் சான்றை எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு தரும் படிவத்தையே எடுத்துப் போய் நிரப்பச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், பார்வை, சர்க்கரை என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டிருப்பார்கள். கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று டாக்டர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது, இவர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று லெட்டர்பேடில் எழுதிய இரண்டு வரி. பதிவு மேசையில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி போடுபவர்கள் கண் பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது.

கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அப்பா பெயரில் இருந்தாலும் வேண்டும். கார் எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், நிகழ்ச்சியின் பெயர், தேதி, ஓட்டுபவர் பெயர், உரிமையாளர் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டை நகல். முத்திரைத்தாளா, வெள்ளைத்தாள் போதுமா என்று மன்றத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடனில் இருக்கும் கார் என்றால் கடன் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள், போட்டியில் ஓட்டுவதைத் தடுக்கும் வரி அதில் இருக்கலாம்.

இன்சூரன்ஸைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கார் பாலிசியை எடுத்துப் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதில் எழுதியிருக்கும். மைதானத்தில் கார் அடிபட்டால் செலவு முழுக்க உங்களுடையது. நடத்துகிறவர்களின் இன்சூரன்ஸ் உங்கள் பம்பருக்கு வராது. இதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நான் முதலில் சொல்லவில்லை, பின்னால் வருத்தப்பட்டேன்.

3. செலவை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள்

நான் ஓடியவற்றில் நுழைவுக் கட்டணம் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை இருந்தது. முன்கூட்டியே கட்டினால் கொஞ்சம் குறையும். போட்டி உரிமத்துக்குத் தனிக் கட்டணம். பிரேக் ஆயில் மாற்ற, கூலியோடு எனக்கு 800 ரூபாய் ஆனது. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 700. ஹெல்மெட் 2,500. பெட்ரோல், மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு அறை, சாப்பாடு என்று இன்னொரு 3,000. ஆக, முதல் முறைக்கு உரிமக் கட்டணத்தைச் சேர்க்காமல், டயர் மாற்றாமல் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் தேய்ந்திருந்தால் கணக்கு வேறு.

இந்தப் பட்டியலில் ஸ்போர்ட்ஸ் சைலன்சர், தாழ்த்தும் ஸ்பிரிங், அகல வீல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றால் முதல் ஆண்டு நேரம் குறையாது. மேலும், அனுமதியில்லாமல் காரை மாற்றி அமைத்துச் சாலையில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைக்கும் இடமிருக்கிறது. பர்லியார் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் நீங்கள் போய்வர வேண்டும்.

4. காரை மூன்று வாரத்துக்கு முன் மெக்கானிக்கிடம் விடுங்கள்

பிரேக்கில் தொடங்குங்கள். மலைக் காரின் பிரேக், சமவெளிக் காரின் பிரேக்கைப் போல இருக்காது. தினமும் இறக்கத்தில் சூடாகி ஆறுவதால் பேட் சீக்கிரம் தேயும், டிஸ்க்கில் வரி விழும், பிரேக் ஆயில் பாடுபடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற வகைப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேர்ந்து, மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு ஆண்டாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். டாட் 3 போட்ட காரில் டாட் 4 போடலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அது சிலிகான், இவற்றோடு சேராது.

குன்னூரில் என் காரைப் பார்க்கும் அண்ணன் பழைய ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினார். கடுங்காப்பி நிறம். பக்கத்தில் புதியதை ஊற்றினார், லேசான தேன் நிறம். “தம்பி, இதை வெச்சுக்கிட்டா தினமும் காட்டேரி எறக்கத்துல போய்ட்டு வர்றீங்க?” என்று கேட்டார். போட்டியை விடுங்கள், இறக்கத்தில் ஓட்டுகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது அது.

அடுத்தது பேட்டரி. பானட்டைத் திறந்து பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். துளிகூட அசையக் கூடாது. என் காரில் கிளாம்ப் துருப்பிடித்து உடைந்திருந்தது, யாரோ முன்பு கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். மைதானத்தில் சோதிப்பவர் முதலில் கை வைத்தது அங்கேதான். ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, “ஏனுங் தம்பி, வளைவுல இது கழண்டு எஞ்சின் மேல விழுந்தா என்ன பண்ணுவீங்?” என்றார். பதில் இல்லை. அந்தக் கிளாம்ப் சில நூறு ரூபாய்ப் பொருள்.

சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்டேட் பாதையில் போய்வரும் கார்களில் இவைதான் முதலில் போகும். காரைத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லூஸ் கையில் தெரியும். எண்ணெய்க் கசிவு எதுவும் இருக்கக் கூடாது. எல்லா சீட் பெல்ட்டும் பூட்ட வேண்டும். பிரேக் லைட் எரிய வேண்டும். இழுவைக் கொக்கி டிக்கியில் டூல் பைக்குள் இருக்கிறதா, முன் பம்பரில் ஒழுங்காக மாட்டுகிறதா என்று ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். நிறையப் பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டயரின் வெளி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வளைவிலேயே ஓடும் கார்களில் முன் டயரின் ஓரம் நடுவைவிட முன்னதாகத் தேயும், நடுவில் பள்ளம் நன்றாக இருப்பதால் நமக்குத் தெரியாது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். போட்டிக்கு நான் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் போக மாட்டேன். பக்கச் சுவரில் வீக்கம் இருந்தால் அந்த டயர் வேண்டவே வேண்டாம்.

5. ஹெல்மெட்டும் உடையும்

விதித்தாள் என்ன சொல்கிறதோ அதுதான். தொடக்க நிலைப் போட்டிகளில் முகம் முழுக்க மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டை ஏற்பவர்கள் உண்டு. சாம்பியன்ஷிப் நிலைக்குப் போனால் கார் பந்தயத்துக்கென்றே செய்த, தீயைத் தாங்கும் ஹெல்மெட் கேட்பார்கள். கீழே விழுந்த ஹெல்மெட்டையோ இரவல் ஹெல்மெட்டையோ நம்பாதீர்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, அடி மெலிந்த மூடிய ஷூ. செருப்போடு வந்தால் ஓட விட மாட்டார்கள். ஸ்வெட்டரோடு இறங்குகிறவர்கள் அங்கே வெயிலில் கழற்றி வைத்துவிடலாம் என்பதை மனதில் வைத்து உடுத்துங்கள்.

6. எங்கே பழகக் கூடாது, எங்கே பழகலாம்

இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவும், குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையின் 14 வளைவும் உங்கள் பயிற்சி மைதானம் கிடையாது. இரவில் வண்டி வராது என்று சொல்லி, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டு இறங்கும் பையன்களை எனக்குத் தெரியும். இரவில்தான் காட்டுமாடு சாலையில் நிற்கும், கல்லாறு பக்கம் யானை கடக்கும். வளைவுக்கு அப்பால் காய்கறி லாரி ஏறிக்கொண்டிருக்கும். பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-இன்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை, 10,000 வரை. சட்டத்தைக்கூட ஒரு பக்கம் வையுங்கள். ஏறி வருகிறவருக்கு வழி விடுவது நம் மலையில் எல்லோரும் பழகிய ஒழுங்கு. கடிகாரம் பார்த்துக்கொண்டு இறங்குகிறவரால் வழி விட முடியாது.

புல்வெளியிலும் ஏற்றாதீர்கள். அது வனத்துறைப் பகுதி, ஒரு முறை டயர் அறுத்த புல் திரும்ப வளர எத்தனையோ மழைக்காலம் ஆகும்.

பழகலாம் என்றால், தனியார் இடத்தில் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு பழகலாம். தேயிலைத் தொழிற்சாலையின் சிமெண்ட் முற்றம், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் கிடங்கு வளாகம் மாதிரி. ரப்பர் கோன் ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல், கல் எதையும் வைக்க வேண்டாம், பம்பர் போய்விடும். பதினைந்து மீட்டர் இடைவெளியில் வைத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டுங்கள். வேகம் வேண்டாம். காரின் பின்சக்கரம் எங்கே போகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அதுதான் பழக்கம். கோயம்புத்தூர் போகும்போது கார்ட்டிங் தடத்தில் இரண்டு சுற்று ஓடினாலும் கண் பழகும்.

7. முந்தின நாளே இறங்கிவிடுங்கள்

குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாந்துதான் நான் அன்று காலையே கிளம்பினேன். தூக்கமில்லாத கண்ணும், இறக்கத்தில் சூடேறிய பிரேக்குமாக மைதானம் போய்ச் சேர்ந்தேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் சாலை மூடிவிடும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றமும் கோத்தகிரி வழியாக இறக்கமும் என்று ஒருவழியாக்குவது வழக்கம், அதையும் கணக்கில் வையுங்கள். சனிக்கிழமை மதியம் கிளம்பி மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ தங்குங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். அடுத்த நாள் வேலை செய்ய வேண்டிய பிரேக்கை முந்தின நாளே வறுத்துவிட வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியவை: டயர் கேஜ், காற்றடிக்கும் சிறு பம்ப், வீல் ஸ்பேனர், கார் எண் ஒட்ட வெள்ளை டேப், குடிநீர் கேன், தொப்பி, ஒரு பெரிய தார்ப்பாய். தார்ப்பாய் எதற்கு என்று கேட்பீர்கள். ஓடும் முன் ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, டிக்கியில் கிடக்கும் குடை வரை எல்லாவற்றையும் காரிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். சமவெளிக்காரர்கள் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். மலை இறங்கும் நாம் ஸ்டெப்னி இல்லாமல் வர முடியாது. அதனால் அங்கே இறக்கி வைத்து மூட ஒன்று வேண்டும்.

8. காற்றை மைதானத்தில் சரிபாருங்கள்

மலைக்காரர்கள் மட்டும் படும் பாடு இது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், கோயம்புத்தூர் 400 மீட்டரை ஒட்டி. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, கீழே அதிகம். அதனால் மேலே 30 பி.எஸ்.ஐ. என்று வைத்த டயர், வெப்பம் மாறாவிட்டால், கீழே கேஜில் சுமார் 28 காட்டும். ஆனால் வெப்பம் மாறாமல் இருக்காதே. ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும். குன்னூரின் குளிர்காலைக்கும் கோயம்புத்தூரின் பகல் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் இழந்தது திரும்பி வந்து அதற்கு மேலும் போகும். இரண்டு ஓட்டம் ஓடிய டயரில் இன்னும் கூடும். ஆகவே மேலே வைத்த கணக்கு எதுவும் கீழே செல்லாது. போய்ச் சேர்ந்து, நிழலில் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். முன் டயருக்கு மட்டும் 2, 3 கூடுதலாக வைத்துத் தொடங்குவேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து நோட்டில் எழுதுவேன்.

எஞ்சினும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம் குறையும். நாம் தினமும் ஓட்டுவது அந்த மூச்சு வாங்கும் எஞ்சினைத்தான். கீழே இறங்கினால் ஆக்ஸிலரேட்டரில் அதே மிதிக்குக் கார் துள்ளும். முதல் ஓட்டத்தில் நான் இரண்டாவது வளைவைத் தாண்டிப் போய் நின்றது இதனால்தான். முதல் ஓட்டத்தை முக்கால் மிதியில் ஓட்டுங்கள்.

9. மைதானத்தில் நடக்கும் வரிசை

முதலில் பதிவு. அப்புறம் கார்ச் சோதனை. பானட்டையும் டிக்கியையும் திறந்து வைத்து, ஹெல்மெட்டை சீட்டில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். வீல் நட்டை அவர்கள் எதிரிலேயே இறுக்கிக் காட்டலாம். ஏதாவது குறை சொன்னால் வாதாட வேண்டாம், எவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்து திரும்பி வரலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் நேரம் கொடுப்பார்கள். முதல் முறை இதைக் கேட்கத் தெரியாமல்தான் நான் கோபித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

பிறகு பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். இதற்கு எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஒரு முறை வழியை மட்டும் மனப்பாடம் செய்ய நடங்கள். இரண்டாவது முறை கார் ஓட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்து பார்த்தபடி நடங்கள். நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் இடைவெளி, உட்கார்ந்து பார்த்தால் கோன் குவியலாகத்தான் தெரியும். தரையில் எண்ணெய், மணல், குழி எங்கே என்று பாருங்கள். மூன்றாவது முறை கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நடந்து, கண்ணை மூடிப் பாதை முழுக்க வருகிறதா என்று சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் ஓடும்போதும் வழி தவறும்.

நான் ஓடிய ஓர் இடத்தில் ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். கோன் அசைந்தாலும் அடி வட்டத்துக்குள் இருந்தால் மன்னிப்பு, முழுக்க வெளியே போனால் தண்டனை. இந்த மாதிரி விவரங்களை ஓட்டுநர் கூட்டத்தில்தான் சொல்வார்கள், தவறவிடாதீர்கள். சிவப்புக் கொடி காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிறுத்துவதற்கென்று குறித்த கட்டத்துக்குள் முழுமையாக நிற்க வேண்டும் என்ற விதியும் சில இடங்களில் உண்டு. நல்ல நேரத்தை அங்கே தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓடும் முன் சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுங்கள். முதுகு சாய்ந்திருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்ட வைத்து, இடுப்பில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

10. மலையில் பழகிய கை செய்யும் தவறுகள்

வளைவில் ஹாரனுக்குக் கை போகும். அதுகூடப் பரவாயில்லை. இடப்பக்க ஓரத்தை ஒட்டியே போகும் பழக்கம்தான் அதிக நேரத்தைத் தின்னும். சாலையில் அது உயிர் காக்கும் பழக்கம், மைதானத்தில் எதிரே யாரும் வரப்போவதில்லை. முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள்: வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் கோனை இடிக்காமல் ஒட்டிப் போய், மறுபடி வெளி ஓரத்துக்கு.

வளைவுக்குள் கிளட்சை மிதித்துக்கொண்டு போவதும் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. மிதித்தால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்து கார் தன் பாட்டுக்கு மிதக்கும். பிரேக்கையும் கியரையும் நேரான இடத்தில் முடித்துவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் வேகமாக நுழைந்துவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே வழுக்கும். அப்போது இன்னும் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டர் மிதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டயர் பிடிக்கும்.

கண்ணை அடுத்த கோனில் வைக்காமல் அதற்கு அடுத்த கோனில் வையுங்கள். மூடுபனியில் பானட்டுக்கு முன்னால் பத்தடியைப் பார்த்தே ஓட்டிப் பழகிய நமக்கு இது எளிதில் வராது. எனக்கு மூன்று போட்டி ஆனது.

11. திரும்பி ஏறும் முன்

கடைசி ஓட்டம் முடிந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக் ஆற விடுங்கள். காற்றை மறுபடி ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வீல் நட் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் உள்ளே வந்துவிட்டதா என்று தார்ப்பாயை மடிக்கும்போது பாருங்கள், ஒரு முறை என் ஜாக்கி அங்கேயே நின்றுவிட்டது. காலிப் பாட்டில்களை மேலே கொண்டுவராதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு எண் இல்லாத கார் என்றால் மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசளிப்பு முடிய ஆறு, ஏழு மணி ஆகிவிடும். நாள் முழுக்க வெயிலில் நின்ற உடம்போடு இருட்டில் மலை ஏறாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் இன்னோர் இரவு தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள். முடியாது என்றால் ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஏற்றத்தை அவர் ஓட்டட்டும். நான் இப்போது தம்பியைக் கூட்டிப் போகிறேன். அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய காற்றளவையும் நேரங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன்.